இடுகுறிப்பெயரும் மாணவனின் மடிக்கணினியும்

பல்கலைக்கழக அனுமதி பெற்ற மாணவனொருவனுக்கு வீட்டார் வாங்கிக் கொடுக்கும் பொருள்களுள் விலை கூடியது இன்று மடிக்கணினியேயாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் சைக்கிளும் கைக்கடிகாரமும் வகித்த இடத்தை அது பிடித்துக்கொண்டுள்ளது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாக விரிவுரைகள் இணையவழியில் நடைபெற்றபோது, ஆடம்பரப் பொருளாயிருந்த அது அத்தியாவசியப் பொருளாயிற்று. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரொன்றின் விலை மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியபோது, அதே அத்தியாவசியப் பொருள் எட்டாக்கனியும் ஆயிற்று. நகையை அடைவு வைத்தும், சீட்டுக் காசை எடுத்தும், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டும், தவணைமுறையிற் கடன்பட்டுமே பல குடும்பங்கள் இப்பொருளை வாங்குகின்றன என்பதை மறுப்பார் எவருமிலர்.

இத்துணை இடர்ப்பாட்டின் பின் தேடப்படும் பணம் எதனை அளவுகோலாகக் கொண்டு செலவிடப்படுகிறது? கேமிங் லப்டொப் எனும் பெயரில் விற்கப்படும் மடிக்கணினியின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டிருக்கும் நாலிலக்க எண்ணொன்றையே மாணவர் பெரும்பாலும் நோக்குகின்றனர். 4050இலும் 4060 மேலானது. 4060இலும் 4070 மேலானது. 4070 கிடைக்கும்போது 4060ஐ வாங்குபவன் விவரமறியாதவன். விடுதி அறைகளில் நிலவும் வேதவாக்கு இதுவே. இவ்வெண் ஓர் அளவன்று, வெறும் பெயரே என்பதும், பெயரை அளவென நம்பவைத்தே விற்பனை நடைபெறுகிறது என்பதும், அந்நம்பிக்கைக்கு வணிகர் மட்டுமன்றி மாணவரும் பல்கலைக்கழகத்துப் பெரியோரும் தத்தம் வழியில் துணைபோகின்றனர் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

அட்டை எனும் சொல்

முதற்கண், ‘கிராபிக்ஸ் அட்டை’ எனும் சொல்லே மடிக்கணினியைப் பொறுத்தவரை பொருந்தாச் சொல்லாகும். மேசைக்கணினியில் அது உண்மையிலேயே ஓர் அட்டை. பெட்டியைத் திறந்து, பழையதைக் கழற்றி, புதியதைச் செருகலாம். பணமில்லாதவன் இன்று சிறியதொன்றை வாங்கி, வேலை கிடைத்தபின் பெரியதொன்றை வாங்கிக்கொள்ளலாம். மடிக்கணினியிலோ கிராபிக்ஸ் செயலியும் அதன் நினைவகமும் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டவை. கழற்றி மாற்றத்தக்க கிராபிக்ஸ் பகுதியுடன் 2024இல் விற்பனைக்கு வந்த ‘பிரேம்வேர்க் 16’ போன்றவை விதிவிலக்குகளேயன்றி விதியல்ல.

இதன் விளைவு யாது? மேசைக்கணினிக்காரன் தவறாகத் தேர்ந்தால் அவனுடைய தவறு ஓர் அட்டையின் விலையோடு முடிந்துவிடும். மடிக்கணினிக்காரனின் தவறு நான்காண்டுக் கல்வி முழுவதும் அவனோடு வாழும். விசைப்பலகை, திரை, மின்கலம், குளிரூட்டும் விசிறி, கிராபிக்ஸ் செயலி ஆகிய அனைத்தையும் ஒரே நாளில், ஒரே விலையில், திரும்பப் பெறமுடியாத வகையில் அவன் தேர்ந்துவிடுகிறான். திருத்திக்கொள்ள இடமில்லாத தெரிவுக்குத் தெளிவான தகவல் வேண்டும். ஆனால் மேசைக்கணினிக்காரனுக்குக் கிடைக்கும் தகவலிலும் குறைந்த தகவலே இவனுக்குக் கிடைக்கிறது என்பதுதான் முரண்.

பெயரின் வரலாறு

தமிழ் இலக்கணம் பயின்றோர் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காண்பர். பறப்பது பற்றிப் பறவை என்பது காரணப்பெயர். காரணம் எதுவுமின்றி வழங்கிவருவது இடுகுறி. பவணந்தியாரின் இப்பாகுபாடு கிராபிக்ஸ் செயலிகளின் பெயர்களை விளங்கிக்கொள்ளவும் உதவும் எனின் மிகையாகாது.

2016க்கு முன்னர் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் செயலிகளின் எண்ணுக்குப் பின்னே ‘எம்’ எனும் எழுத்தொன்றை இட்டு வந்தது. ஜி.ரி.எக்ஸ். 980 மேசைக்குரியது, 980எம் மடிக்குரியது. அவ்வோர் எழுத்து, ‘இது அதுவன்று’ என்று வாங்குபவனுக்கு உரைத்தது. 2016இல் வெளிவந்த பத்தாம் வரிசையில் அவ்வெழுத்து நீக்கப்பட்டது. நேர்மையாகக் கூறின், அன்று அதற்கொரு நியாயமிருந்தது. மேசைக்குரிய 6 ஜிகாபைற்று ஜி.ரி.எக்ஸ். 1060இலும் மடிக்குரிய 1060இலும் 1,280 கருக்களே இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, பெயரும் ஒன்றாயிருந்தது. அது காரணப்பெயர்.

காரணம் பின்னர் மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. 2017இல் மெல்லிய மடிக்கணினிகளுக்காக வலுக்குறைந்த வகைகள் ‘மக்ஸ்-கியூ’ எனும் அடைமொழியுடன் வந்தன. 2021இல் அவ்வடைமொழியும் வலுக்குறைவைச் சுட்டும் கட்டாய அடையாளம் எனும் நிலையை இழந்தது. அவ்வாண்டு மடிக்கணினிக்கு வந்த ஆர்.ரி.எக்ஸ். 3080ஐ நோக்குக. மேசைக்குரிய 3080இல் 8,704 கருக்கள், மடிக்குரியதில் 6,144. முன்னையது 320 வாற்று மின்வலுவை உண்பது. பின்னையது தயாரிப்பாளரின் விருப்புக்கேற்ப 80 முதல் 150 வாற்று வரை உண்பது. இரண்டிலும் உள்ள சில்லே வேறு. பெயர் மட்டும் ஒன்று.

இடைவெளி பின்னர் மேலும் அகன்றது. 2022இல் வெளிவந்த மேசைக்குரிய 4090இல் 16,384 கருக்களும் 24 ஜிகாபைற்று நினைவகமும் உள்ளன. 450 வாற்று வேண்டும். 2023இல் வந்த மடிக்குரிய 4090இல் 9,728 கருக்களும் 16 ஜிகாபைற்றும் உள்ளன. அதாவது, மேசைக்குரிய 4080இன் சில்லே மடிக்கணினியில் 4090 எனும் பட்டத்தைச் சூடிக்கொண்டது. 2025இல் வந்த 5090இல் மேசைக்குரியது 21,760 கருக்கள் கொண்டது, மடிக்குரியது 10,496. பாதியும் இல்லை. பாதியளவு அரிசி நிறைந்த மூட்டையின் மேல் முழு மூட்டையின் நிறையைப் பொறித்து விற்கும் கடைக்காரனை ஊரார் என்ன பெயரால் அழைப்பர்?

‘லப்டொப்’ எனும் சொல் இவற்றின் முழுப்பெயரின் ஈற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறதே எனச் சிலர் வாதிடுவர். உண்மைதான், நிறுவனத்தின் ஆவணங்களில் அது உண்டு. ஆனால் அடைமொழி இருக்குமிடம் அளவை உணர்த்துவதன்று, இருப்பிடத்தை உணர்த்துவதேயாகும். ‘யாழ்ப்பாணத்து மாம்பழம்’ என்றால் மாம்பழம் யாழ்ப்பாணத்தது என்றே பொருள்படும். பாதி மாம்பழம் என்று எவரும் கொள்ளார். அன்றியும், கடையின் விலைச்சீட்டிலும் விளம்பரத்திலும் அச்சொல் உதிர்ந்துபோய் எண் மட்டுமே எஞ்சுவதைக் கண்கூடாகக் காணலாம்.

பெயர் குழப்பம் தரும் என்பதை அந்நிறுவனம் அறியாததன்று. 2022 செப்டெம்பரில் 4080 எனும் ஒரே பெயரில், 16 ஜிகாபைற்று நினைவகமும் 9,728 கருக்களும் கொண்ட ஒன்றையும், 12 ஜிகாபைற்று நினைவகமும் 7,680 கருக்களும் கொண்ட மற்றொன்றையும் அது அறிவித்தது. கண்டனம் வலுத்தது. ஒக்டோபரில் சிறியதன் பெயர் சரியாக இடப்படவில்லை என ஒப்புக்கொண்டு அதனை மீளப்பெற்றது. 2023 ஜனவரியில் அதே பொருள் 4070 ரி.ஐ. எனும் பெயரில் வந்தது. மேசைக்கணினிக்காரர் குரலெழுப்பியபோது தவறெனப்பட்டது, மடிக்கணினிக்காரர் விடயத்தில் மட்டும் வழமையாகத் தொடர்வதேன்? குரலெழுப்பாமையே காரணம். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. தன் மடிக்கணினிக் கிராபிக்ஸ் செயலிகளின் பெயரில் எம், எஸ் எனும் எழுத்துகளை விட்டுவிடவில்லை. எழுத்தொன்றைச் சேர்ப்பது தொழினுட்பத்தால் இயலாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று. ஏ.எம்.டி.யும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. 2019இல் அறிமுகமான பழைய வடிவமைப்பைக் கொண்ட மையச் செயலிகளை 2022இல் 7520யூ முதலிய பெயர்களால் ஏழாயிரத்து வரிசையில் சேர்த்து விற்றமை அந்நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படவேண்டியதே.

வாற்று எனும் மறைபொருள்

பெயருக்குள் மறைந்திருக்கும் மற்றொன்று மின்வலு. கிராபிக்ஸ் செயலியின் வேகம் அதற்கு ஊட்டப்படும் வலுவையும், அதனால் எழும் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலையும் பொறுத்தது. 4050, 4060, 4070 ஆகிய மடிக்கணினிச் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் 35 முதல் 115 வாற்று வரை எவ்வளவு ஊட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மடிக்கணினித் தயாரிப்பாளருக்கே விடப்பட்டது. மெல்லிய உடலில் 4060ஐ இட்டு 50 வாற்று ஊட்டுபவரும் உளர். தடித்த உடலில் இட்டு 115 வாற்று ஊட்டுபவரும் உளர். இரண்டின் மேலும் ஒட்டப்படும் சீட்டு ஒன்றே.

ஆதலால் நிகழ்வது யாதெனின், போதிய வலுவும் நல்ல குளிரூட்டலும் கொண்ட 4060, வலுக்குறைத்து ஓடவிடப்பட்ட 4070ஐ விஞ்சிவிடும். கூடிய பணத்தைக் கொடுத்து உயர்ந்த எண்ணை வாங்கிய மாணவன், குறைந்த எண்ணை வாங்கிய அறைத்தோழனுக்குப் பின்னே நிற்கிறான். தன்னுடைய பொருளில் ஏதோ பழுதென அவன் எண்ணுகிறான். பழுது பொருளில் இல்லை. அவன் வாங்கியது எண்ணையேயன்றி ஆற்றலையன்று என்பதே உண்மை.

விளம்பரத்தில் வாற்றுக் கூறப்படும் இடங்களிலும் அவதானம் தேவை. மையச் செயலிக்குரிய வலுவின் ஒரு பகுதியை வேண்டியபோது கிராபிக்ஸ் செயலிக்கு மாற்றும் வசதியொன்று உண்டு. அவ்வாறு மாற்றக்கூடிய 25 வாற்றையும் 115உடன் கூட்டி 140 வாற்று என அச்சிடுவர். மையச் செயலி கடுமையாக உழைக்கவேண்டிய விளையாட்டில் அந்த 25 வாற்று வந்து சேராது. வரக்கூடிய விருந்தாளியையும் வீட்டாளாகக் கணக்கிடுவது போன்றது இது.

மடிக்கணினிக்குள் 450 வாற்றை அடக்க இயலாது என்பது பௌதிகம். அதற்கு எந்த நிறுவனத்தையும் குறைகூற முடியாது என்பர். எவரும் குறைகூறவில்லை. சிறிய பொருள் சிறிதாயிருப்பது குற்றமன்று. சிறியதைப் பெரியதன் பெயரால் அழைப்பதே குற்றம். 2021இல் எழுந்த கண்டனங்களின் பின்னர், வலு அளவைப் பொருள்விளக்கப் பக்கங்களில் வெளியிடுமாறு தயாரிப்பாளரை என்விடியா கேட்டுக்கொண்டது. அது நன்றே. ஆயினும் கடைக்கு வந்து நிற்கும் தந்தையின் கண்ணுக்கு அப்பக்கம் எட்டுவதில்லை. சில நூறு ரூபாவுக்கு வாங்கும் மின்குமிழின் மேல் அதன் வாற்று அச்சிடப்பட்டிருக்கிறது. இலட்சக்கணக்கான ரூபாவுக்கு வாங்கும் மடிக்கணினியின் விலைச்சீட்டில் அது இல்லை. இதற்கு எந்தப் பௌதிகம் காரணம்?

நினைவகமும் வயதும்

வலு வேகத்தை நிர்ணயிப்பதுபோல, நினைவகம் ஆயுளை நிர்ணயிக்கிறது. மாணவர் உரையாடல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், நான்காண்டுகளின் பின் மிக அதிகமாக வருந்தப்படுவதும் இதுவே. கிராபிக்ஸ் நினைவகம் கணினியின் பொது நினைவகத்திலிருந்து வேறானது, பின்னர் கூட்டமுடியாதது. மடிக்குரிய 3050 முதலில் 4 ஜிகாபைற்றுடன் வந்தது. 4050 6 ஜிகாபைற்றுடன் வந்தது. 4060 8 ஜிகாபைற்றுடன் வந்தது.

விளையாட்டு நிறுவனங்கள் தாமே அறிவித்த குறைந்தபட்சத் தேவைகளை நோக்குமிடத்து நிலைமை தெளிவாகும். 2023இல் வந்த ‘அலன் வேக் 2’ 6 ஜிகாபைற்றைக் கேட்டது. 2024 டிசெம்பரில் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ விளையாட்டும், 2025 மே மாதத்தில் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ விளையாட்டும் 8 ஜிகாபைற்றைக் கேட்டன. இவை உயர்தரத்துக்கான தேவைகள் அல்ல. வாசலைத் தாண்டுவதற்கான தேவைகள். 4 ஜிகாபைற்றை 2021இலும் 6 ஜிகாபைற்றை 2023இலும் வாங்கியவன், பட்டம் பெறுமுன்னரே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டான்.

இங்கும் எண் ஏமாற்றுகிறது. மேசைக்குரிய 4070இல் 12 ஜிகாபைற்று உண்டு. மடிக்குரிய 4070இல் 8 ஜிகாபைற்றே. அதாவது 4060இல் உள்ள அதே அளவு. 2025இல் வந்த மடிக்குரிய 5070உம் 8 ஜிகாபைற்றுடனேயே வந்தது. 12ஐ வேண்டுபவன் 5070 ரி.ஐ.யின் விலையைக் கொடுக்கவேண்டும். ஆகவே 4060இலிருந்து 4070க்கு ஏறும் மாணவன், சற்றே கூடிய வேகத்துக்காகப் பெருந்தொகையைக் கொடுக்கிறான். ஆயுளைப் பொறுத்தவரை ஓர் அங்குலமும் முன்னேறவில்லை. அத்தொகையை நல்ல திரைக்கும், இரட்டைப் பொது நினைவகத்துக்கும், தரமான குளிரூட்டலுக்கும் செலவிடுதல் அறிவுடைமையாகும்.

நினைவகத்தின் அளவைச் சொல்லி அதன் தன்மையை மறைத்த வரலாறும் உண்டு. 2014இல் விற்கப்பட்ட ஜி.ரி.எக்ஸ். 970இன் 4 ஜிகாபைற்றில் 3.5 மட்டுமே முழுவேகத்தில் இயங்குவது, எஞ்சிய பாதி மெதுவானது என்பது 2015 ஜனவரியில் வெளியாயிற்று. அமெரிக்காவில் வாங்கியோர் ஒன்றுதிரண்டு வழக்குத் தொடர்ந்தனர். 2016இல் அட்டை ஒன்றுக்கு 30 டொலர் வீதம் இழப்பீடு வழங்க நிறுவனம் இணங்கியது. அமெரிக்க வாடிக்கையாளனுக்கு நீதிமன்றம் துணைநின்றது. சின்னஞ்சிறு சந்தையொன்றில் தவணைக்கு வாங்கும் மாணவனுக்கு அவனுடைய விழிப்பைத் தவிர வேறு துணையில்லை.

‘விளையாட்டுத்தானே’ எனும் அலட்சியம்

இனி, பெரியோரின் பங்கை நோக்கலாம். கேமிங் லப்டொப் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிக்கும் ஆசிரியர் பலர். படிக்க வந்தவனுக்கு விளையாட்டுக் கருவி எதற்கு என்பது அவர்தம் வினா. வினாவுக்கு விடை கூறும் பொறுமையை அவர்கள் மாணவனுக்கு அளிப்பதில்லை. ஆகவே மாணவன் அறிவுரை தேடிக் கடைக்காரனிடமே செல்கிறான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவர் யார் என்பதை அவர்கள் சிந்திப்பது நலம்.

இவ்வலட்சியம் வரலாற்றறிவின்மையும் ஆகும். 2012இல் படங்களை இனங்காணும் ‘இமேஜ்நெற்’ போட்டியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, இல்யா சற்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்ரன் ஆகிய மூவரும் பெற்ற வெற்றியே இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்கு வித்திட்டது. அவ்வெற்றிக்குப் பயன்பட்டவை யாவை? தலா 3 ஜிகாபைற்று நினைவகம் கொண்ட இரண்டு ஜி.ரி.எக்ஸ். 580 அட்டைகள், விளையாட்டுக்கென விற்கப்பட்டவை. அம்மூவருள் இருவர் அப்போது மாணவர். ஹின்ரன் 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். மற்லாபில் கிராபிக்ஸ் செயலிகொண்டு கணிப்போனும், பிளெண்டரில் முப்பரிமாண உருவங்களைத் தீட்டுவோனும், நரம்புவலைகளைப் பயிற்றுவோனும் பயன்படுத்துவது அதே சில்லையே. விளையாட்டுப்பொருள் எனத் தள்ளப்படுவது ஆய்வுகூடத்தின் கருவியுமாகும்.

ஆயினும் இவ்வுண்மையை மாணவன் தன் தந்தையை ஏமாற்றும் கருவியாக்குவதும் காணக்கிடக்கிறது. இயந்திரக் கற்றல் பயிலவேண்டும் என்று கூறி 4070ஐ வாங்குவித்து, நான்காண்டும் ‘வலரன்ற்’ விளையாடுவோர் இலர் என்று துணிந்து கூறமுடியாது. வலரன்ற் சாதாரண மடிக்கணினியின் உள்ளிணைந்த கிராபிக்ஸிலேயே இயங்கும். ‘டோற்றா 2’ போன்றவையும் பெருஞ்செயலியை வேண்டாதவை. இளநிலைப் பாடநெறியின் பயிற்சிகளுக்கோ கூகுளின் ‘கொலாப்’ போன்ற இலவச சேவைகளே பெரும்பாலும் போதும். ஏ.எம்.டி.யின் 780எம் போன்ற உள்ளிணைந்த செயலிகள் 2023 முதல் நடுத்தர விளையாட்டுகளையும் தாங்கத்தக்கனவாக வளர்ந்துள்ளன. விளையாடுவது இழுக்கன்று; இளைஞன் விளையாடத்தான் வேண்டும். ஆனால் எதை விளையாடப்போகிறான், எதைக் கணிக்கப்போகிறான் என்பதைத் தனக்குத்தானே நேர்மையாகச் சொல்லிக்கொள்ளாதவன் எந்த எண்ணையும் சரியாகத் தேர்ந்துவிட முடியாது.

மென்பொருளின் பிடியையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். ‘கூடா’ எனப்படும் கணிப்பு முறையை என்விடியா 2006இல் அறிவித்தது. அது அந்நிறுவனத்தின் செயலிகளிலேயே இயங்குவது. மற்லாபின் கிராபிக்ஸ் கணிப்பும் நரம்புவலை மென்பொருள்களிற் பெரும்பாலானவையும் அதனைச் சார்ந்தே வளர்ந்துள்ளன. எனவே உண்மையிலேயே அத்துறைகளிற் புகுவோனுக்கு என்விடியாவை விட்டு விலகுதல் எளிதன்று. கைகட்டப்பட்ட வாடிக்கையாளனிடம் நிறுவனம் நயந்து பேசவேண்டிய தேவையில்லை. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் தரவுமைய வருமானம் விளையாட்டுத்துறை வருமானத்தைத் தாண்டிச் சென்றுவிட்டது. இளைஞரின் விளையாட்டுக் காசில் வளர்ந்த நிறுவனத்துக்கு இன்று அவ்விளைஞர் முதன்மையான வாடிக்கையாளரல்லர்.

அறையும் வெப்பமும்

விமர்சகர் வெளியிடும் அளவீடுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. மாணவன் விளையாடுவதோ வாடகை அறையொன்றில். சுவரில் ஒரு விசிறி, மேசையில்லாதபோது மெத்தை. உள்ளிழுக்கும் காற்றே 32 பாகை வெப்பமாயிருக்கையில் செயலி தன் வெப்ப எல்லையை விரைவில் எட்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் அடைபடும். இத்தகைய அறையில் தடித்த உடலும் பெரிய விசிறியும் கொண்ட 4060, மெல்லிய உடலிலுள்ள 4070ஐ விடத் தகுந்தது.

மின்கலத்தைப் பற்றிய மயக்கமும் களையப்பட வேண்டும். கிராபிக்ஸ் செயலி 100 வாற்றும் ஏனைய உறுப்புகள் 50 வாற்றும் உண்டால், 90 வாற்றுமணி மின்கலம் 36 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆதலாற்றான் செருகியிராத வேளையில் வலு கடுமையாகக் குறைக்கப்படுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை மறவாதோர், செருகியிருக்கும்போது மட்டுமே வலுக்கொள்ளும் பொருளொன்றை மாத்திரம் நம்பித் தம் ஒப்படைகளை எழுதத் துணியார். மின்செருகி அரிதான விரிவுரை மண்டபத்துக்குக் கனத்த கணினியையும் அதனிலும் முரட்டு மின்னேற்றியையும் சுமந்து செல்வோனும் வாங்குமுன் இதனை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கது

முடிவாகக் கூறின், கடைவாசலில் மாணவன் எண்ணைக் கேட்பதை விடுத்து அளவைக் கேட்கப் பழகவேண்டும். கிராபிக்ஸ் செயலிக்கு ஊட்டப்படும் நிரந்தர வலு எத்தனை வாற்று, கடனாக வரும் 25 நீங்கலாக? அதன் நினைவகம் எத்தனை ஜிகாபைற்று? பொது நினைவகம் ஒற்றையாக உள்ளதா, இரட்டையாக உள்ளதா? கிராபிக்ஸ் செயலி திரையோடு நேரே இணைகிறதா, உள்ளிணைந்த செயலியினூடே சுற்றிச் செல்கிறதா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, திருத்துவது எங்கே? இவ்வைந்துக்கும் விடைசொல்ல முடியாத கடையில் வாங்காது திரும்புதல் இழப்பன்று. புதிய விளையாட்டுகளை விரும்புவோனுக்கு 8 ஜிகாபைற்றும் 100 வாற்றுக்குக் குறையாத வலுவும் தகும். அதற்குக் கீழே இறங்குவதும், பெயருக்காக அதற்கு மேலே ஏறுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத தவறுகள். பழைய விளையாட்டுகளோடு நிறைவடைவோன் தனிச்செயலியே இல்லாத மடிக்கணினியை வாங்கி, மிஞ்சும் பணத்தை வீட்டாருக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

ஆனால் வாங்குபவனின் விழிப்பொன்றே மருந்து எனக் கூறி முடிப்பது, களவுபோனதற்குக் காவற்காரனை விட்டு வீட்டுக்காரனைக் குற்றஞ்சாட்டுவதாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பொருள்களின் சுட்டுத்துண்டுகள் பற்றிப் பணிப்புரை வழங்கும் அதிகாரம் உண்டு. கிராபிக்ஸ் செயலியின் வாற்றையும் நினைவகத்தையும் விலைச்சீட்டிற் பொறிக்குமாறு பணிப்பது அவ்வதிகாரத்துக்கு அப்பாற்பட்ட காரியமன்று. அதனைக் கோரவேண்டியவர் மாணவர் சங்கங்களே. பல்கலைக்கழகக் கணினித் துறைகளும் தம் கடமையை உணரவேண்டும். ஆண்டுதோறும் புகும் மாணவருக்கு எந்தப் பாடநெறிக்கு எத்தகைய கணினி போதும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அவ்வொரு பக்கம் ஒரு குடும்பத்தின் அடைவு நகையைக் காப்பாற்றும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது ஊர்வழக்கு. போடுபவன் அளக்கத் தயாராக இருக்கிறான். அளவுகோலைத்தான் விற்பவன் ஒளித்து வைத்திருக்கிறான். அதனைக் கேட்டுப் பெறும்வரை, மாணவன் சுமந்து திரிவது கணினியையன்று, ஓர் இடுகுறிப்பெயரையே.